லூப் பெடல் இல்லாமல் இரண்டு கிதாரில் அடுக்கடுக்காக வாசிக்க முடியுமா?

கம்பிநாதம்:
எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு சாதாரண மரக் கிதார். லூப் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும், காலால் மிதிக்கும் கருவி), கணினி எதுவும் இல்லாமல், ஒரு சின்னத் துண்டு சுற்றிச் சுற்றி வர, அதன்மேல் இன்னொன்று ஏறுகிற மாதிரி வாசிக்க ஆசை. ஆனால் எப்போதும் ஒருவர் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது), ஒருவர் மெலடி என்றுதான் முடிகிறது. வேறு வழி இருக்கிறதா?

மரக்கட்டை:
இருக்கிறது. ஒரே மெட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உகாண்டாவில் அமடிண்டா என்றொரு வாத்தியம். இரண்டு வாழைத் தண்டுகளைக் கிடத்தி அவற்றின்மேல் 12 மரச்சட்டங்களை அடுக்கியிருப்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் அடிக்கிற இடைவெளியில் மற்றவர் அடிப்பார். தனித்தனியே நிதானம்தான், சேர்ந்தால் இரட்டை வேகம். கூடவே யாருமே வாசிக்காத மெட்டுகளும் கேட்கும்! கெர்ஹார்ட் கூபிக் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வேகம் கூடும்போது, சுருதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஸ்வரங்களைக் காது ஒரே கோடாகக் கோத்துக்கொள்கிறது.

கிதாரில் இப்படிச் செய்து பாருங்கள். நீங்கள் ச ப க த. தம்பி உங்கள் இடைவெளிகளில் ரி த ச ப. ப, த இரண்டையும் மேல் ஸ்தாயியில் வையுங்கள். சேர்ந்து வருவது ச ரி ப த க ச த ப. மெதுவாக வாசித்தால் ஒரே மெட்டுதான். வேகம் ஏற ஏற, கீழே ‘ச ரி, க ச’ தனியாகவும் மேலே ‘ப த, த ப’ தனியாகவும் பிரிந்து ஓடும். எனக்கு இதைக் கேட்டு அலுத்ததே இல்லை.

இரண்டு கிதாரின் நாதமும் கூடியவரை ஒன்றுபோல இருக்கட்டும். ஒன்றில் நைலான் கம்பி, ஒன்றில் ஸ்டீல் கம்பி என்றால் காது ஆளைப் பிரித்துவிடும், மெட்டைப் பிரிக்காது.

தாளக்கை:
அதற்கு முன்னால் கைதட்டிப் பழகுங்கள். ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1972-இல் இரண்டு பேர் வெறும் கையால் தட்டுவதற்கென்றே ஓர் இசைத்துண்டு எழுதினார். 12 எண்ணிக்கையில் 8 தட்டு: மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் ஓர் எண்ணிக்கை மௌனம். ஒருவர் மாறவே கூடாது. மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை முன்னே நகர வேண்டும். பக்கத்து ஆள் எப்படி இழுத்தாலும் தன் இடத்தை விடாமலிருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கம்பிநாதம்:
மிக்க நன்றி. வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவரும் வருவார். அவரைச் சேர்க்கலாமா?

மரக்கட்டை:
தாராளமாக. அமடிண்டாவில் மூன்றாவது ஆளும் உண்டு. மெட்டில் மிகக் கீழே உள்ள இரண்டு ஸ்வரங்கள் வரும்போதெல்லாம் அவற்றை உச்சியில் உள்ள இரண்டு சட்டங்களில் அடிப்பார். உங்கள் மெட்டில் அவை ச, ரி. எட்டில் முதல், இரண்டாம், ஆறாம் இடங்களில் வருகின்றன. நண்பர் வயலின் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூன்றையும் மேல் ஸ்தாயியில் விரலால் சுண்டட்டும்.