உணவுக்குழாய்ப் புற்றில் ரத்தக் கசிவு: ஸ்டென்ட் வைத்தால் நிற்குமா?

எண்டோ மாணவர்:
நோயாளிக்கு வயது 68, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் 6 செ.மீ. நீளப் புற்று, அறுவைக்கு வழியில்லை. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. மூன்று நாளாகக் கறுப்பு மலம், ஹீமோகுளோபின் 6.4. எண்டோஸ்கோப்பில் (உள்நோக்குக் குழாயில்) பார்த்தால் தனி ரத்தக்குழாய் எதுவும் தெரியவில்லை. தொட்ட இடமெல்லாம் கசிகிறது. கிளிப் கடிக்கப் பிடிமானமில்லை. அட்ரினலின் ஊசி போட்ட அரை மணியில் மறுபடி கசிவு. மூடிய உலோக ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும், உறை போட்ட வலைக்குழல்) போடலாமா? கதிர்வீச்சு முதலிலா, பிறகா?

குடலியல் மருத்துவர்:
போடலாம். ஆனால் அதற்கு முன் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. கட்டிக்கும் மகாதமனிக்கும் நடுவே இருக்கும் கொழுப்புப் படலம் அழிந்து, தமனிச் சுற்றளவில் 90 பாகைக்கு மேல் கட்டி ஒட்டியிருந்தால் ஸ்டென்ட்டைத் தொடாதீர்கள். மார்பு வலி, பளிச்சென்ற சிவப்பில் கொஞ்சம் ரத்தம், பிறகு சில மணி நேரமோ சில நாளோ அமைதி என்று வந்தால் அது தமனியில் ஓட்டை விழுந்ததன் எச்சரிக்கை. அங்கே தேவைப்படுவது தமனிக்குள் வைக்கும் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி உறையிட்ட குழல்). உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தால் அது விரிகிற விசையே ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

தமனி தப்பியிருந்தால் உங்கள் நோயாளி ஸ்டென்ட்டுக்குப் பொருத்தமானவர்தான்: குழாய் குறுகியிருக்கிறது, கசிவு மேற்பரப்பில் பரவலாக இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை. ஸ்டென்ட்டின் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை உலோகம்) கம்பி உடல் வெப்பத்தில் விரிந்து கட்டியைச் சுவரோடு அழுத்தும், மேலுள்ள உறை கசியும் பரப்பை மூடும். உறையில்லாத ஸ்டென்ட்டில் வலைக்கண் வழியே ரத்தம் வந்துகொண்டேதான் இருக்கும்.

6 செ.மீ. கட்டிக்கு இரு முனையிலும் 2 செ.மீ. கூடுதலாக, ஆக 10 செ.மீ. வேண்டும். பின்னல் வகை விரியும்போது நீளம் குறுகும், அதனால் பெட்டியில் அச்சிட்ட விரிந்த நீளத்தைப் பார்த்து எடுங்கள். விட்டம் 18 முதல் 23 மி.மீ. வரை கிடைக்கும். கசிகிற கட்டியில் பலூன் விட்டு விரிக்க வேண்டாம், கிழியும். முழு விரிவுக்கு 1 முதல் 3 நாள் ஆகும். முதல் இரவு கொஞ்சம் கசிந்தால் பதறி வெளியே இழுக்காதீர்கள்.

கதிர்ப்பிரிவு:
வரிசைதான் இங்கே முக்கியம். 8 கிரே (கதிர் அளவின் அலகு) ஒரே தடவையிலோ, 20 கிரே 5 தடவையிலோ கொடுத்தால் கசிவு அடங்கும். ஆனால் சில நாள் ஆகும், இந்த ஹீமோகுளோபினோடு காத்திருக்க முடியாது. ரத்தம் ஏற்றி, ரத்தம் நிறுத்தும் பொடியைத் தூவி அந்த நாட்களைக் கடக்கலாம். பொடி ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும், நாள் வாங்கித் தர அது போதும். ஸ்டென்ட்டும் வெளிக்கதிரும் ஒரே காலத்தில் வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் சொல்கிறது. பொடியில் அடங்கினால் கதிர். அடங்காமல் கொட்டினால் ஸ்டென்ட். என் முடிவு அதுதான்.

எண்டோ மாணவர்:
நன்றி டாக்டர். கட்டி இரைப்பையின் நடுப்பகுதியில் இருந்தாலும் இதே வழியா?

குடலியல் மருத்துவர்:
இல்லை. அங்கே உட்குழி அகலம், ஸ்டென்ட் எதையும் அழுத்தாமல் மிதக்கும். பொடி, கதிர், கசியும் தமனியை உள்ளிருந்தே அடைப்பது என்றுதான் போக வேண்டும். பித்தநாளப் புற்றில் கசிந்தால் 10 மி.மீ. மூடிய ஸ்டென்ட் நன்றாக உதவும். பித்தப்பைக் குழாயின் வாயை உறை அடைத்தால் பித்தப்பை அழற்சி வரும், அதைக் கவனியுங்கள்.

வார்டு சிஸ்டர்:
இரைப்பை வாயைக் கடந்து வைத்த ஸ்டென்ட்டில் அமிலம் தடையில்லாமல் மேலேறும். தலைமாட்டை 30 பாகை உயர்த்துங்கள், பான்டோபிரசோல் (அமிலம் குறைக்கும் மருந்து) விடாதீர்கள். முதல் நாள் நீராகாரம், பிறகு குழைத்த சாதம், மசித்த இட்லி. முருங்கைக்கீரைக் காம்பும் நாரான கறியும் கம்பியில் சிக்கும். கறுப்பு மலம் இரண்டு மூன்று நாள் தொடரும், அது பழைய ரத்தம். நாடித்துடிப்பு ஏறினால் அப்படி விட்டுவிடாமல் உடனே ஹீமோகுளோபின் பாருங்கள். திடீரென மறுபடி விழுங்க முடியாமல் போனால் எக்ஸ்ரே எடுங்கள். முழு உறை ஸ்டென்ட் இரைப்பைக்குள் நழுவியிருக்கலாம்.