கான்ஸ்டன்டைன் காசுகளில் சூரியனும் வானத்துக் கையும்

கான்ஸ்டன்டைன் கிறித்தவம் தழுவிய உரோமைப் பேரரசர் என்று வரலாறு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த மாற்றம் எவ்வளவு மெதுவாக நிகழ்ந்தது என்பதை அவர் காலத்து வெண்கலக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். கி.பி. 312இல் உரோம் நகருக்கு அருகே மில்வியன் பாலத்தருகே தன் போட்டியாளர் மாக்சென்டியஸை வென்று, மறு ஆண்டே கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை வழங்கிய பிறகும், இலண்டன், திரியர், ஆர்ல் நாணயச்சாலைகள் உரோமையரின் பழைய கடவுளான வெல்லப்படாத சூரியனைப் பேரரசரின் தோழனாகப் போற்றும் காசுகளைச் சில ஆண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தன. என்னிடம் உள்ளது இலண்டன் காசு. பச்சைக் களிம்பை அகற்றாமல் உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் கதிர்முடியும், உயர்த்திய வலக்கையும், இடக்கையில் ஏந்திய உலக உருண்டையும், அடியில் பி, எல், என் என்ற நாணயச்சாலைக் குறியும் தெளிவாகத் தெரிகின்றன.

அதைவிட என்னை ஆட்கொண்டது, 337இல் அவர் இறந்தபின் மகன்கள் வெளியிட்ட, கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு காசு. தலைப்பக்கத்தில் முக்காடிட்ட பேரரசர். தெய்வமாக்கப்பட்ட மன்னர்களுக்கு உரோமையர் வழங்கிய 'திவுஸ்' பட்டம் சுருக்கமாக அவர் பெயருக்கு முன் நிற்கிறது. மறுபக்கத்தில் நாற்குதிரைத் தேரில் அவர் விண்ணேற, மேலிருந்து ஒரு கை நீண்டு அவரை ஏற்றுக்கொள்கிறது. கை கிறித்தவர்களின் இறைவனுடையது. தேரோ நெடுங்காலம் சூரியனுக்கு உரியது. இதைக் குழப்பம் என்று நான் கருதவில்லை. இரு சமயத்தாரும் சந்தையில் மாற்றிக்கொண்ட சில்லறையில் இருவருக்கும் விளங்கும் உருவத்தைத் தேர்ந்தது நல்ல அரசியல் அறிவு என்பதே என் எண்ணம். செசரியா ஆயர் யூசேபியஸ் கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை வரலாற்றில் இக்காசை வருணித்திருக்கிறார். அவ்வரிகளைப் படித்த பிறகு அதே காசை உள்ளங்கையில் ஏந்தியது பெரும் பேறு.

353இல், மேற்கில் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த மக்னென்டியஸ் காசின் ஒரு பக்கம் முழுவதையும் கிறிஸ்துவின் பெயரெழுத்துச் சின்னத்துக்கே கொடுத்தார். பத்தாண்டுக்குள், பழைய சமயத்துக்குத் திரும்பிய பேரரசர் ஜூலியன் இரு விண்மீன்களின் கீழ் நிற்கும் காளையைப் பொறித்தார். அவை பெரிய காசுகள், எளிதில் படிக்கலாம். விண்ணேறும் காசை வாங்க விரும்புவோர் தேரின் அழகில் மயங்காமல் முதலில் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். அச்சு சற்று விலகி விழுந்திருந்தாலும் அந்தக் கைதான் முதலில் வெட்டுப்பட்டுப் போகிறது.