மெட்டாமெரிசம்: தமிழில் என்ன சொல்வது?

பெ. எழுதியது:
திருப்பூர்ச் சாய ஆய்வகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மெட்டாமெரிசம்’ ஒன்றுதான் பாக்கி. பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள், ஐரோப்பியக் கடைகளின் டிஎல்84 குழல்விளக்கில் வேறுவேறாகத் தெரிகிற கோளாறு. இப்போதைக்கு ‘நிறமாற்றம்’ என்று வைத்திருக்கிறேன். போதுமா?

க. எழுதியது:
போதாது. சாயம் வெளுத்தாலும் நிறமாற்றம்தான். தவிர, ஒரே துணி விளக்குக்கு விளக்கு வேறாகத் தெரிவது மெட்டாமெரிசம் ஆகாது. பச்சை விளக்கின் கீழ் தக்காளி ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். அது சிவப்பைத்தான் நன்றாகத் திருப்பி அனுப்பும், அந்த ஒளியில் சிவப்பே இல்லை. சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாளும் மஞ்சள் தாளும் இரண்டுமே சிவப்பு. இதெல்லாம் எல்லாப் பொருளுக்கும் உள்ள இயல்பு.

மெட்டாமெரிசத்துக்கு இரண்டு துணி வேண்டும். இரண்டின் எதிரொளிப்பு வரைகோடுகளும் வேறு, அதாவது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் கோடுகள். கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் பொதுவாக 3 இடத்திலாவது ஒன்றையொன்று வெட்டும். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட விளக்கில் கண்ணில் நிறம் உணரும் மூவகைக் கூம்பு செல்களுக்கும் ஒரே தூண்டல் கிடைக்கிறது. விளக்கை மாற்றினால் அந்தச் சமன் குலைகிறது. ஆகவே சொல்லில் ‘இணை’ என்ற கருத்து இருந்தாக வேண்டும்.

ந. எழுதியது:
சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே! நிலம், நிலன், அகம், அகன். எழுத்து வேறு, பொருள் ஒன்று. அதற்குப் பெயர் போலி. இங்கே நிறமாலை வேறு, நிறம் ஒன்று. எனவே ‘நிறப்போலி’. ‘போல்’ என்னும் உவம உருபிலிருந்து வந்த சொல். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? இன்னும் பாருங்கள், பசும்புல்லும் பசும்பொன்னும் நமக்கு ஒரே பசுமைதான், பசலையும் அந்த வேர்தான். அங்கே நிறம் இரண்டு, சொல் ஒன்று. மயில்கழுத்துப் பட்டையும் இந்த வகையில் சேர்க்கலாம்.

க. எழுதியது:
மயில்கழுத்தைச் சேர்க்க முடியாது ஐயா. அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறுவதால் நிறம் மாறுகிறது. விளக்கு அதே விளக்குதான்.

சு. எழுதியது:
பசலை இருக்கட்டும். பட்டறையில் போலி என்றால் டூப்ளிகேட் சரக்கு. ரிப்போர்ட்டில் ‘நிறப்போலி’ என்று எழுதினால் சாயம் கலப்படம் என்று சப்ளையர் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

இந்தச் சிக்கல் எங்கே வரும் என்றால், காட்டன் பனியன் துணி ரியாக்டிவ் சாயத்தில், தையல் நூல் பாலியெஸ்டர், அது டிஸ்பர்ஸ் சாயத்தில். இரண்டும் டி65-இல் ஒட்டும், டிஎல்84-இல் நூல் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். ஒரே காட்டனில்கூட, வாடிக்கையாளரின் மாதிரியில் இருக்கும் சாயக்கூட்டு வேறு, நாம் போடுவது வேறு என்றால் இதே கதி. ஷேடு எடுக்கும்போதே விளக்குப் பெட்டியில் டி65, டிஎல்84, டங்ஸ்டன் (பழைய குண்டு பல்பு) என்று மூன்றிலும் பார்க்கவேண்டும். துணி காய்ந்து, ஆறியிருக்க வேண்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், சூட்டில் சில சாயம் சாயல் மாறும். பின்னால் இருப்பது தெரியாத அளவுக்கு மடித்து வையுங்கள். பெட்டிக்குள் வேறு கலர்த் துணி கிடக்கக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழக் கூடாது. டி65-இல் மட்டும் பார்த்து அனுப்பிய லாட்தான் திரும்பி வரும்.

எனக்கு ‘மெட்டாமெரிசம்’ போதும்.

ந. எழுதியது:
மண்புழுவின் உடல் கண்டங்களுக்கும், வேதியியலில் ஒருவகை மாற்றியத்துக்கும் (ஐசோமர்) ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அந்தக் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்வானேன்?

க. எழுதியது:
‘ஒளிசார் இணைநிறம்’ என்றால்?

ந. எழுதியது:
இணைநிறம் என்றதும் மாணவன் நிரப்பு நிறத்தை, அதாவது சேர்ந்தால் வெள்ளொளி தரும் நிற ஜோடியை, நினைப்பான். நீலமும் மஞ்சளும் கண்முன் வந்து நிற்கும்.

பெ. எழுதியது:
வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இவ்விரு துணிகளும் நிறப்போலிகள்’: படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் சு. சொல்லும் ஆபத்து உண்மை. ‘இவை ஒளிசார் இணைநிறத்தவை’: நாக்கு இடறுகிறது, தவறாகப் புரியாது. இந்தக் கோளாறின் அளவைச் சொல்லும் எண்ணும் ‘இணைநிறக் குறியெண்’ என்று அட்டவணையில் அடங்குகிறது. மூன்று பேர் தனிமடலில் இதற்கே சரி என்றிருக்கிறார்கள். ஒருவர் ‘சரி, முடித்துவிடுங்கள்’ என்று மட்டும். தலைப்பில் ‘ஒளிசார் இணைநிறம்’, முதல் வரியில் ‘மெட்டாமெரிசம்’. அச்சகத்துக்கு இன்றே அனுப்புகிறேன்.

ந. எழுதியது:
அடிக்குறிப்பிலாவது போலியைச் சேர்த்திருக்கலாம். உடன்பாடில்லை என்று பதிவு செய்கிறேன்.

சு. எழுதியது:
விளக்குப் பெயர்களைப் பிழையில்லாமல் போட்டுவிடுங்கள். டிஎல்84-ஐ ஒருமுறை டிஎல்48 என்று அடித்திருந்தீர்கள்.