வில் பிடிக்கத் தெரியும், சொல்லித்தரத் தெரியவில்லை

13 வருஷமாக வயலின் வாசிக்கிறேன். இசை ஆசிரியர் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்திலேயே மானம் போனது. பயிற்சி வகுப்பில் 9 வயதுப் பெண் ஒருத்தி, வில் பிடிக்கும்போது கட்டைவிரல் மடங்கியிருக்கணுமா, நேராக இருக்கணுமா என்று கேட்டாள். நானே வில்லை எடுத்துப் பிடித்துப் பார்த்துத்தான் மடங்கணும் என்றேன். சரி, ஏன்? அதற்குப் பதில் இல்லை. விரல் விறைத்தால் மணிக்கட்டும் சேர்ந்து இறுகி வில் துள்ளும் என்பதை அன்றிரவு மாற்றி மாற்றி வாசித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் வந்தது வினை. கட்டைவிரல் நினைப்பிலேயே வாசித்து ஒன்றரை மாதம் என் வாசிப்பு படுமோசம். என் ஆசிரியர் கேட்டுவிட்டு, "நீ வாசிக்கலை, கையைக் காவல் காக்குற" என்றார்.

நல்லதும் நடந்தது. கார்ல் ஓர்ஃப் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் முறையில், பிள்ளைகளுக்கு விளையாட்டாக இசை சொல்லித்தரும் வகுப்பு அது. அதில் சைலஃபோனிலிருந்து (குச்சியால் தட்டி வாசிக்கும் மரப்பலகைக் கருவி) எஃப், பி சுரங்களுக்கான பலகைகளைக் கழற்றிவிடுவோம். அரைச்சுர இடைவெளியே இல்லாத 5 சுரங்கள்தான் மிச்சம் என்பதால் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. பிள்ளைகள் இஷ்டத்துக்கு வாசித்துத் தள்ளினார்கள். நானோ தாளில் இல்லாத ஒரு வரியைக்கூட அதுவரை வாசித்ததில்லை! இப்போது அதே 5 சுரங்களை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் 10 நிமிஷம் மனம்போன போக்கில் வாசிக்கிறேன். மற்றபடி 3 மணி நேர சாதகம் ஒன்றரையாகிவிட்டது, பாடத்திட்டம் எழுதவே பொழுது போகிறது, அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

வழி எனக்கும் தெரியாது, நானும் அதே கதிதான். நான் பாடகன், கனத்த குரல். நான் பாடிக்காட்டினால் பிள்ளைகள் என் சுருதியைத் தேடிக் கீழே இறங்கி முனகுவார்கள். காது சரியில்லை என்று அவர்களைத்தான் குறை நினைத்தேன். மேற்பார்வைக்கு வந்த மேடம், "அவங்க குரல் ஒரு ஸ்தாயி மேல இருக்கு தம்பி, கள்ளக்குரல்ல பாடிக் காட்டுங்க" என்றார். ஆண்குரலை மெலிதாக்கி உச்சத்துக்கு ஏற்றும் பொய்க்குரல் அது. பாடினேன், வகுப்பே சிரித்தது, ஆனால் நாலாவது தடவை சுருதி சேர்ந்துவிட்டது. அதையே தினமும் பாடிப் பாடி, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது என் குரல் உடையும் இடமும் கொஞ்சம் வழவழப்பானது.

*

நான் பியானோ. கட்டாயத் துணைக்கருவி என்று புல்லாங்குழலைக் கையில் கொடுத்தார்கள். முதல் வாரம் தலைதான் சுற்றியது, சத்தம் வரவில்லை. உதட்டு இடைவெளியைச் சின்னதாக்கணும் என்பது உடம்புக்குப் புரிய 8 நாள் ஆனது. போன வாரம் ஒரு பையன் "வரலை மிஸ்" என்றான். இன்னும் முயற்சி பண்ணு என்று சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவன் உதட்டைப் பார்த்தேன்.