பழைய பிக்கப்: முதலில் உயர்த்துவதா, சீராக்குவதா?

மண்பாதை:

பழைய டீசல் டபுள் கேப் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஃபோர் வீல் டிரைவ். முன்னால் டார்ஷன் பாரும் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) டிஸ்க் பிரேக்கும், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும். டர்போ உண்டு, டீசல் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகை. எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது, புகையும் இல்லை. சர்வீஸ் விவரம் மட்டும் ஒன்றுமே கிடைக்கவில்லை.

முடிந்தவரை எல்லா வேலையையும் நானே செய்ய ஆசை. மனதில் இருப்பவை: பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து இரண்டு அங்குலம் உயர்த்துவது, முன்னால் டார்ஷன் பாரை முறுக்கிச் சமப்படுத்துவது, 235/75ஆர்15 டயரை எடுத்துவிட்டு 31x10.5 டயர் போடுவது, ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு, கடைசியாக டர்போ பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றுவது. எதில் தொடங்கலாம்?

கிரீஸ்கை:

நண்பரே, இந்த ஐந்தில் எதிலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். சர்வீஸ் விவரம் இல்லாத வண்டி என்றால், அதில் எதுவுமே மாற்றப்படவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முதலில் டைமிங் பெல்ட்டா, செயினா, கியரா என்று பாருங்கள். பெல்ட் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். டீசல் எஞ்சினில் மேலே வரும் பிஸ்டனுக்கும் திறந்திருக்கும் வால்வுக்கும் நடுவே இடமே இருக்காது. பெல்ட் அறுந்த நொடியில் இரண்டும் இடித்துக்கொள்ளும், வால்வு வளையும். எஞ்சின் சத்தம் சீராக இருப்பதை வைத்துப் பெல்ட்டின் வயதைச் சொல்ல முடியாது. கழற்றும்போதே டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆயில். எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது), முன் பின் டிஃபரன்ஷியல் என்று மீதி நான்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒன்றை மறக்காதீர்கள்: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். கியர்பாக்ஸுக்குப் புத்தகம் ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 மட்டும்தான் ஊற்ற வேண்டும். 5 பெரிய எண் என்பதால் அது இன்னும் நல்லது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். அதில் அதிக அழுத்தத்துக்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள், கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கக்கூடும்.

வடிக்கிற ஆயில் வெளிறி, நுரைத்துப்போய் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்ற காற்றுத் துளை இருக்கும், அது அடைத்திருக்கிறதா பாருங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் வழியாகக் காற்று வர முடியாதபோது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்து சில மாதம் ஓட்டுங்கள். வண்டியே அடுத்து என்ன தேவை என்று சொல்லும்.

மேட்டுவண்டி:

ஆயில், பெல்ட் பற்றி கிரீஸ்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் "எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பார்" என்பதை ஏற்க மாட்டேன். இத்தனை வருடம் பாரம் சுமந்த லீஃப் ஸ்பிரிங் எப்படியும் தொய்ந்திருக்கும். ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ் பொடிந்திருக்கும், ஷாக் அப்சார்பர் கசியும். அவற்றை எப்படியும் கழற்றத்தான் போகிறார். அதே வேலையை இரண்டு முறை ஏன் செய்ய வேண்டும்? ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை ஒருமுறை வெட்டி எடுப்பதே எவ்வளவு பாடு என்று செய்தவருக்குத்தான் தெரியும். கழற்றும்போதே இரண்டு அங்குலம் கூடுதல் வளைவுள்ள முழு ஸ்பிரிங் செட், புது புஷ், புது யூ போல்ட், அந்த உயரத்துக்கேற்ற ஷாக் என்று போட்டுவிடலாம். பராமரிப்பும் அதுதான், மேம்பாடும் அதுதான்.

மண்பாதை, பழைய செட்டில் ஒரு பட்டையை மட்டும் செருக வேண்டாம். தொய்ந்த பட்டைகளுக்கு நடுவே புதுப்பட்டை ஒன்று பாரத்தைத் தனியாகத் தாங்கும், முதலில் உடைவதும் அதுவாகத்தான் இருக்கும்.

டயரைப் பற்றிச் சொன்னால், 235/75ஆர்15-இன் விட்டம் 733 மில்லிமீட்டர் சொச்சம், 31 அங்குலம் என்பது 787. ஏழு சதவீத வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 86 அளவில் போவீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ரிம்மைப் பாருங்கள். 31x10.5 டயருக்கு 7 முதல் 9 அங்குல அகல ரிம் வேண்டும். உங்களுடையது 6 அங்குலம் என்றால் ரிம்மும் மாற்ற வேண்டும்.

பட்டறைக்காரன்:

இந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் சொல்கிறேன், இருவருமே பிரேக்கைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மண்பாதை தம்பி, வண்டிக்கு அடியில் பின் ஹவுசிங்குக்கு மேலே பாருங்கள். சேஸியில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி நீண்டு வந்து ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். பெரும்பாலான பழைய பிக்கப்களில் உண்டு. லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பின்னால் பாரம் ஏறினால் சேஸி இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டி வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

இப்போது இரண்டு அங்குலம் உயர்த்துகிறீர்கள். வால்வுக்கு வண்டி எப்போதும் காலியாகவே தெரியும். முழுப் பாரம் ஏற்றினாலும் பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. முன் டிஸ்க் மட்டும் எல்லாவற்றையும் தாங்கிக் காய்ந்துபோகும். அதன் மேல் பெரிய, கனமான டயர். சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும்போதுதான் தெரியும்.

என் கருத்து: ஆயில், ஃபில்டர், பெல்ட், விளக்கு எல்லாம் நீங்களே செய்யுங்கள். பிரேக்கை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மேட்டுவண்டி:

அண்ணே, அந்த வால்வுக்குத் தீர்வு இருக்கிறதே. ஹவுசிங்கில் கம்பி மாட்டும் பிராக்கெட்டை எவ்வளவு உயர்த்தினோமோ அவ்வளவு மேலே தூக்கி வைத்தால் கம்பியின் கோணம் பழையபடி வந்துவிடும். உயர்த்தும் செட்டுகள் சிலவற்றோடு அந்தப் பிராக்கெட்டையே சேர்த்துத் தருகிறார்கள்.

பட்டறைக்காரன்:

காலி வண்டிக்கு அது சரியாக வரும். பாரம் ஏற்றினால்? பழைய ஸ்பிரிங் நான்கு விரல் இறங்கிய பாரத்துக்கு உங்கள் கடினமான புது ஸ்பிரிங் இரண்டு விரல்தான் இறங்கும். வால்வு அதைப் பாதிப் பாரம் என்றே எடுத்துக்கொள்ளும். உயரம் சரியானாலும் கணக்கு சரியாகாது. பிரஷர் கேஜ் மாட்டி, முன் அழுத்தத்துக்குப் பின் அழுத்தம் எவ்வளவு என்று மேனுவலோடு ஒப்பிட்டுச் செட் பண்ண வேண்டும். அந்தக் கேஜ் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியின் பாரக் கணக்கு ஆக்ஸில், வீல் பேரிங், பிரேக், சேஸி எல்லாவற்றையும் வைத்துப் போட்டது. பின்பக்கம் தொங்கவில்லை என்பதற்காக அது மாறாது.

கிரீஸ்கை:

ஸ்பிரிங் விஷயத்தில் பட்டறைக்காரன் பக்கம் நிற்கிறேன். பிரேக்கையே தொடாதே என்பதில் அவரோடு உடன்பட முடியவில்லை. பிரேக் ஆயில் மாற்றுவதும், டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதும், பொறுமையாகச் செய்கிற எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அதைத் தெரிந்துகொண்டவர்தான் பிரேக்கில் ஏதோ மாறியிருக்கிறது என்பதைச் சீக்கிரம் உணர்வார்.

டாட்-4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்த நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். இறக்கத்தில் கேலிப்பர் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைக்குப் போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டாட்-5 மட்டும் சிலிகான் வகை, இதோடு கலக்கவே கூடாது.

டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் இரு முனையிலும் ரப்பர் உறை இருக்கும். அதன் விளிம்பை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வெளியே காய்ந்து சுத்தமாகத் தெரியும் சிலிண்டரில்கூட உறைக்கு உள்ளே ஆயில் நிற்கும். நின்றால் கப் தேய்ந்துவிட்டது, கொஞ்ச நாளில் பிரேக் ஷூவை நனைக்கும். ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கத்தைப் பிரிக்காமல் வைத்திருங்கள், எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று பார்த்துக்கொள்ள உதவும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடைத்தெடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான்.

பட்டறைக்காரன்:

ஆயில் மாற்றுவதும் பிரித்துப் பார்ப்பதும் சரி, அதில் சண்டை இல்லை. முதல் முறை ஷூ மாட்டினால் ஓட்டுவதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்யும் செல்ஃப் அட்ஜஸ்டரை இடம் வலம் மாற்றி மாட்டிய வண்டிகள் என்னிடம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மாட்டியவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும்.

சாலைவிளக்கு:

விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகுவதை நான் எதிர்க்கிறேன். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க ஹாலஜன் பல்பின் சின்ன இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் வெளிச்சம் சிதறும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வண்டிக்கு மிக அருகில் உள்ள சாலை பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது.

பழைய வண்டியில் விளக்கு மங்குவதற்குப் பல நேரம் காரணம் வயரும் சுவிட்சும்தான். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பின் பிளஸ் முனையிலும் வையுங்கள். வழியில் தொலைந்துபோகும் வோல்ட் நேராகத் தெரியும். எர்த் பக்கத்தையும் அதேபோல் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்குப் பதில் பல்புக்கு 12 தான் கிடைத்தால் ஹாலஜனின் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயர், இரண்டு ரிலே (பழைய சுவிட்சுக்குப் பதிலாக அதிகக் கரன்ட்டைத் தாங்கும் மின் சுவிட்ச்), சுத்தமான எர்த். ஒரு மதிய வேலை. பழைய சுவிட்ச் சூடாகி உருகுவதும் நிற்கும்.

மேட்டுவண்டி:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ரிலே போடுவதும் தொழிற்சாலையில் இல்லாத மாற்றம்தானே? எல்லா மாற்றமும் கெடுதல் என்று தள்ளிவிட முடியாது.

கிரீஸ்கை:

தள்ளவில்லை. ரிலே போட்டால் வேறு எந்தப் பாகத்தின் கணக்கும் கெடுவதில்லை. உயர்த்தினால் பிரேக் வால்வு, டிரைவ் ஷாஃப்ட் கோணம், முன் சக்கரச் சாய்வு எல்லாம் கூடவே மாறுகின்றன. டார்ஷன் பாரை முறுக்கும்போது சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டாப்பரில் முட்டும். அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னும் எத்தனை மாறும் என்று தெரிந்த பிறகு செய்யட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

பூஸ்ட்டில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். டீசலைக் கூட்டாமல் பூஸ்ட்டை மட்டும் ஏற்றினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டீசலைக் கூட்டினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். ரேடியேட்டர் பாதி அடைத்து, ஃபேன் கிளட்ச் வழுக்கும் பழைய வண்டியில் அந்தச் சூடு சிலிண்டர் ஹெட்டுக்குத்தான் போகும். டொயோட்டாவின் 2எல்-டி போன்ற பழைய டர்போ டீசல்களில் ஹெட் விரிசல் விடுவது தெரிந்த கதை. எக்ஸாஸ்ட் சூடு காட்டும் கேஜ் மாட்டாமல் பம்ப்பில் டீசலைக் கூட்டும் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

மண்பாதை:

எல்லோருக்கும் நன்றி. அடியில் படுத்துப் பார்த்தேன், அந்த வால்வு இருக்கிறது. கம்பி அசையவே இல்லை, மூட்டில் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ரிம்மில் 6 அங்குலம் என்றுதான் பொறித்திருக்கிறது. அதனால் 31 டயர் இப்போது இல்லை. பெல்ட், நான்கு ஆயில், கூலன்ட், விளக்கு ரிலே, பிரேக் ஆயில் இவற்றை நானே செய்கிறேன். பூஸ்ட்டை விட்டுவிட்டேன். ஸ்பிரிங் விஷயத்தில் மேட்டுவண்டி சொல்வதும் நியாயமாகப் படுகிறது, புஷ் எல்லாம் பொடிந்துதான் இருக்கிறது. அதே உயரத்துக்குப் புது செட் கிடைத்தால் அதைப் போட எண்ணம்.

மேட்டுவண்டி:

சரி, அதுவே நல்ல தொடக்கம். மாட்டும்போது ஒன்று: ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது முழுதாக முறுக்காதீர்கள். கையால் பிடிக்கும் அளவுக்கு மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு முறை அழுத்திவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புது யூ போல்ட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள்.

பட்டறைக்காரன்:

அந்த வால்வு மூட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம், கம்பி வளைந்தால் அளவே போய்விடும். இளகி அசைந்தாலும் உள்ளே பிஸ்டன் இறுகியிருக்கலாம், அது வெளியே தெரியாது. பிரேக் ஆயில் மாற்றுவதற்கு முன்னால் கேஜ் உள்ள இடத்தில் ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடுங்கள். வால்வையே மாற்ற வேண்டி வந்தால் எப்படியும் பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற முழுக்க ஏர் எடுக்க வேண்டியிருக்கும், ஊற்றிய புது ஆயில் வீணாகும்.