அடைத்த வகுப்பறையில் காற்றை எப்படி அளப்பது? திருகோணமலை நண்பர்களே, உதவுங்கள்

வணக்கம். உவர்மலையில் எங்கட வீட்டு மேல்மாடியில் டியூசன் வகுப்பு நடத்துறன். கரண்ட் பில் தாங்கேலாமல் போன வருசம் தகரக் கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்புத் தாள் அடிச்சு, யன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் வைச்சு அடைச்சு, இன்வேர்ட்டர் ஏசி பூட்டினம். பில் நல்லாக் குறைஞ்சது.

ஆனா பிள்ளைகளைப் பார்க்கப் பயமா இருக்கு. 28 பேர். மூன்று மணிக்குத் தொடங்கினால் அரை மணித்தியாலத்தில் கொட்டாவி. நேற்று ஒரு பிள்ளை நெற்றியைப் பிடிச்சபடி கொப்பி மேலேயே சாய்ஞ்சிட்டா. இரவல் வாங்கின காபனீரொட்சைட்டு மானியை வைச்சுப் பார்த்தன்: உள்ளே 2,300 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 2,300 பங்கு), வெளியே 430. இந்த ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிராக்குது, புதுக் காற்று வாறதில்லை. யன்னலைத் திறந்தால் மானி இறங்குது, ஆனா இந்தக் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அனலும் புழுதியும் சேர்ந்து வருது.

இன்னொன்று. ஏசி 26 பாகை காட்டினாலும் பின்வரிசைப் பிள்ளைகள் வேர்க்குது என்கினம். மேற்குச் சுவர் விடுற வெக்கை காற்றின் வெப்பநிலையில் தெரியாதாம். அதுக்குக் கறுப்புக் கோள வெப்பமானி வேணும்.

அந்த வெப்பமானி யாரிட்டையாவது இருந்தால் இரண்டு நாளுக்குத் தருவீங்களா? காற்று வேகமானியும் இருந்தால் பெரிய உதவி. உள்காற்றை வெளியே தள்ளுற எக்ஸோஸ்ட் ஃபேனை எந்தச் சுவரில் பூட்டினால் குளிர் அதிகம் போகாமல் புதுக் காற்று வரும்? செய்து பார்த்தவை சொல்லுங்கோ. அடுத்த மாதம் சோதனை, பிள்ளைகள் தெளிவா இருந்து படிக்கோணும்.