அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வீட்டில் என்ன தயார் செய்வது?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வீட்டில் இருப்பது இந்தியக் கழிப்பறை. பாயில் படுத்தால்தான் உறக்கம் வரும் என்று வேறு அடம்பிடிக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் கழிப்பறையைக் கவனியுங்கள், குந்தி உட்காரக் கூடாது. மாற்றிக் கட்ட நேரமில்லையென்றால் நடுவில் துளையுள்ள நாற்காலி வாங்குங்கள். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கட்டில் போடுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில்: என் மாமியார் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்திருப்பார். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுதாக நீளாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின் பயிற்சி செய்தால் முனகல் குறையும்.

கேட்டவர்: கட்டிலுக்குச் சம்மதித்துவிட்டார். நாற்காலி என்றால்தான் முகம் சுளிக்கிறார்.